மரிக்கொழுந்தின் மணம் யாருக்கு?

கதம்பச் சரத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே சாம்பல் பூத்த சிறு தழை ஒன்று இருக்கும். அதுவே மரிக்கொழுந்து. பெங்களூர்ப் பூக்கடையில் அதையே ‘தவனா’ என்பார்கள். பெயர் இரண்டு; செடி ஒன்று. விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஆர்ட்டிமீசியா பாலென்ஸ்.

தலையில் ஒரு நாள் மணந்து வாடிவிடும் இத்தழையின் தைலத்தை மேல்நாட்டு வாசனைத் திரவியத் தொழிலார் விரும்பி வாங்குகின்றனர். தைலத்திற்கென இது பயிராவதோ பெரிதும் நம் தென்னாட்டில்தான். அப்படியானால் இதைப் பயிரிடும் குடியானவர் செல்வராக வேண்டுமன்றோ?

இது நான்கு மாதப் பயிர். நாற்று விட்டு, நவம்பர் வாக்கில் நட்டால், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அறுக்கலாம். பூக்கள் நன்றாக விரிந்த பருவமே அறுவடைக்கு ஏற்றது; அப்போதுதான் தைலம் மிகுதி. அவ்வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டால் நட்டமே.

தழையிலிருந்து தைலத்தைப் பிரிப்பது எப்படி? அதைத் தனியே கொதிக்க வைப்பதற்கு 200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் மணம் கெடும். ஆனால் நீரும் தைலமும் ஒன்றோடொன்று கலவாதவை. கலவாத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடேற்றினால், இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி, 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவிலேயே இரண்டும் சேர்ந்து ஆவியாகும். வாலையில் தழையை அடைத்து நீராவியைச் செலுத்துவது இதனால்தான். வெளிவரும் ஆவியைக் குளிர்வித்தால் நீர் கீழே நிற்கும், தைலம் மேலே மிதக்கும்.

ஓர் ஏக்கரில் 5 அல்லது 6 டன் தழை அறுத்தாலும், வடிவது நான்கைந்து கிலோ தைலமே! டன் கணக்கான பசுந்தழையை நெடுந்தூரம் ஏற்றிச் சென்றால் வண்டிக்கூலி விலையைத் தின்றுவிடும். குவித்து வைத்தாலோ புழுங்கிக் கெடும். ஆகவே வாலை வயலுக்கு அருகில் இருக்க வேண்டும். வாலை இல்லாத குடியானவர் கேட்ட விலைக்குத் தழையைக் கொடுத்துவிட்டு நிற்பார். மணத்தின் விலை வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

இதே பாடத்தை நம் பெங்களூர் முன்பே கற்றது. மைசூர்ச் சந்தனக் கட்டை ஜெர்மனிக்குப் போய் அங்கே தைலமாகிவந்தது. 1914இல் போர் மூண்டது. கட்டைகள் இங்கே தேங்கின. மைசூர் அரசு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் துணையை நாடிற்று. பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோர் வடிக்கும் முறையை வகுத்தனர். 1916இல் பெங்களூரிலேயே சந்தனத் தைலம் வடிக்கத் தொடங்கினர். கட்டை விற்ற நாடு தைலம் விற்ற நாடாயிற்று!

சந்தனத்துக்கு அரசு இருந்தது. மரிக்கொழுந்துக்கு? சிற்றூர்க் குடியானவர் பலர் கூடிக் கூட்டுறவு முறையில் ஒரு வாலை நிறுவலாம். இத்தைலத்தின் சந்தை குறுகியது. எல்லோரும் ஒரே ஆண்டில் நட்டால் விலை சரியும். ஆதலின் ஆண்டின் மற்ற மாதங்களில் எலுமிச்சம்புல் போன்றவற்றையும் அதே வாலையில் வடித்தால் முதல் முடங்காது.

1959இல் தொடங்கிய மத்திய மருத்துவ, நறுமணச் செடிகள் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்நகரிலேயே உள்ளது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து இங்கே விஞ்ஞானம் பயில வந்திருக்கும் நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பட்டத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். வாலையைப் பற்றியும் பேசுங்கள்.