குப்பையும் நீடித்த வளர்ச்சியும்: திருவனந்தபுரம் தரும் படிப்பினை

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளவிட முற்படுவோர் அதன் சாலைகளையும், கட்டிடங்களையும், கடைவீதிகளையும் கணக்கெடுப்பது வழக்கம். அந்நகரம் நாள்தோறும் பயன்படுத்திவிட்டு எறியும் பொருள்கள் எங்கே செல்கின்றன, அவற்றின் சுமையை யார் தாங்குகின்றனர் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. எனினும், வளர்ச்சி நிலைத்து நிற்குமா என்பதை முடிவு செய்வது இவ்வினாவேயாகும். கேரள மாநிலத் தலைநகரான திருவனந்தபுரம் இவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய நிலைக்கு 2011ஆம் ஆண்டில் தள்ளப்பட்டது. அந்நகரின் அனுபவம் நிர்வாகிகளுக்கும், வணிகர்களுக்கும், பொதுமக்களுக்கும் ஒருங்கே பயன்தரத்தக்கது.

கோட்டைப் பகுதிக்குத் தென்மேற்கே அமைந்துள்ள ஸ்ரீவராகம், இந்நகரின் பழமையான குடியிருப்புகளுள் ஒன்று. நிலமகளைக் கடலினின்றும் மீட்டதாகப் புராணம் கூறும் வராக மூர்த்தியின் கோயிலும், அதன் பரந்த குளமும் இவ்வூருக்குப் பெயரும் பெருமையும் அளித்துள்ளன. இதன் ஒருபுறம் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைவீதி. மற்றொருபுறம் நகரின் கழிவுநீர் சென்று சேரும் முட்டத்தறை. வாணிபம் பெருகும் இடமும், அதன் எச்சம் ஒதுங்கும் இடமும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கியிருக்கின்றன. இடநெருக்கடி மிகுந்த இத்தகைய நகரத்தில் கழிவை வேறெங்கோ அனுப்பிவிட்டு மறந்துவிட இயலாது.

கருத்தின் வளர்ச்சி

சுற்றுப்புறச் சூழலைப் பற்றிய முதலாவது ஐக்கிய நாடுகள் மாநாடு 1972ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்றது. வறுமை ஒழிப்பையும் சூழல் பாதுகாப்பையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அங்கு வலியுறுத்தினார். 1987ஆம் ஆண்டில் பிரண்ட்லண்ட் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு இடையூறு நேராமல் காக்கும் வளர்ச்சியே நீடித்த வளர்ச்சி என்னும் விளக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளுள், பொறுப்புணர்வுடன் நுகர்தலும் உற்பத்தி செய்தலும் பன்னிரண்டாவது இலக்காகும்.

இவ்விளக்கத்தில் வருங்காலத் தலைமுறை மட்டுமே பேசப்படுவதாகச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒரு பகுதி மக்களின் வசதிக்காக, அதே காலத்தில் வாழும் மற்றொரு பகுதி மக்கள் துன்புறுவதும் இக்கோட்பாட்டிற்கு முரணானதே. திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது இதுவேயாகும்.

விளப்பில்சாலை நிகழ்ச்சி

நகரின் குப்பையை உரமாக மாற்றும் ஆலை ஒன்று, நகருக்கு வெளியே விளப்பில்சாலை என்னும் கிராமத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குப்பையை ஒரே இடத்தில் சேர்த்து இயந்திரங்களின் உதவியால் உரமாக்குவது அன்றைய நிலையில் முற்போக்கான திட்டமாகவே கருதப்பட்டது. ஆனால் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்தே ஆலையை அடைந்தன. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பையிலிருந்து தரமான உரம் கிடைப்பதில்லை. தரமற்ற உரத்தை உழவர்கள் வாங்குவதில்லை. விற்பனை குன்றினால் ஆலையின் வருவாய் குன்றுகிறது. பதப்படுத்தப்படாத குப்பை மலையென வளர்கிறது.

கேரளத்தின் மழை இச்சிக்கலை மேலும் கடுமையாக்கிற்று. குவியலின் மீது பெய்யும் மழைநீர் அதனூடே இறங்கி, அழுகிய பொருள்களின் சாற்றைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. இக்கசிவுநீர் நீரோடைகளையும் கிணறுகளையும் கெடுக்கவல்லது. விளப்பில்சாலையிலிருந்து புறப்படும் மீனாம்பள்ளி ஓடை கரமனை ஆற்றைச் சேர்வதாகும். துர்நாற்றத்தாலும் நீர்க்கேட்டாலும் துன்புற்ற கிராம மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டனர். இறுதியில் 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஊராட்சி அந்த ஆலையின் வாயிலைப் பூட்டியது. 2012ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையின் பேரில், காவல்துறையின் துணையுடன் ஆலையைத் திறக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டு நின்று தடுத்தனர். ஆலை மீண்டும் இயங்கவில்லை.

அதுவரை குப்பை வண்டியைக் கண்டதோடு தம் பொறுப்பு முடிந்ததெனக் கருதிய நகர மக்கள், தெருவோரங்களிலும் வாய்க்கால்களிலும் குப்பை குவிவதைக் கண்டனர். வேறு இடம் தேடுவதும் எளிதாயில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி கேரளத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வாழ்ந்தனர். நாட்டின் சராசரியோ 382. மக்கள் வாழாத நிலம் என ஒன்றைக் காட்ட இயலாத மாநிலத்தில், எந்த ஊரும் மற்றோர் ஊரின் குப்பையை ஏற்க முன்வரவில்லை.

வீட்டிலிருந்து தொடக்கம்

இந்நெருக்கடியே மாநகராட்சியைப் பரவலாக்கப்பட்ட முறைக்குத் திருப்பியது. நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது சமையலறைக் கழிவு போன்ற மக்கும் பொருளாகும். இதனை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால் வண்டியில் ஏற்ற வேண்டிய சுமை பெருமளவு குறைகிறது. எஞ்சும் உலர்ந்த பொருள்கள் தூய்மையாகக் கிடைப்பதால் அவற்றை மறுபயனுக்கு அனுப்புவதும் எளிதாகிறது. இதற்கெனக் குழாய் உரக்கலன்களும், எரிவாயுக் கலன்களும், அடுக்குத் தொட்டிகளும் வீடுகளுக்கு வழங்கப்பட்டன.

வீட்டில் இடமில்லாதோர்க்குத் தும்பூர்முழி முறையில் அமைந்த பொதுத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. திருச்சூர் மாவட்டத்தின் தும்பூர்முழியிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் உருவான முறை இது. ஏறத்தாழ 4 அடி நீளமும் 4 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட, காற்று புகும் இடைவெளியுள்ள தொட்டியில் சாணம், உலர்ந்த இலை, கழிவு ஆகியவை மாறி மாறி அடுக்கப்படுகின்றன. சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. உலர்ந்த இலை, ஈரக்கழிவில் குறைவாயுள்ள கரிமப் பொருளை ஈடுசெய்வதுடன் காற்றோட்டத்திற்கும் வழி செய்கிறது. நுண்ணுயிர்களின் செயலால் தொட்டியின் உட்புறம் மிகுந்த வெப்பமடைந்து, நோய்க்கிருமிகள் அழிகின்றன. சுமார் 90 நாட்களில் உரம் கிடைக்கிறது.

காற்றோட்டத்தின் சிறப்பு இங்கு கருதத்தக்கது. காற்றுப் புகாத பெருங்குவியலில் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு தோன்றுகிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைக் காட்டிலும் இருபத்தைந்து மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்கும் தன்மை உடையது. காற்றோட்டமுள்ள சிறு தொட்டியில் மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகிறது. எரிவாயுக் கலனிலோ அது வீணாகாமல் அடுப்பெரிக்கப் பயன்படுகிறது.

உலர்ந்த கழிவை வீடுதோறும் சென்று பெறும் பணியை ஹரித கர்ம சேனை என்னும் அமைப்பினர் மேற்கொண்டுள்ளனர். 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்த பெண்களே இதில் பெரும்பான்மையினர். வீட்டினரும் கடைக்காரர்களும் செலுத்தும் மாதக் கட்டணமே இவர்களது வருவாயின் முக்கிய பகுதி. ஆகவே, கட்டணம் தர மறுப்பது, ஏழைப் பெண் ஒருவரின் உழைப்பிற்கு ஊதியம் மறுப்பதேயாகும்.

வணிகர்களின் பங்கு

நீடித்த வளர்ச்சி என்பது வணிகர்களுக்கு வீண் செலவு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இதனை மாற்றக்கூடிய காரணங்கள் மூன்று.

முதலாவது, வாணிபத்தின் அடித்தளமே சூழலாக இருப்பது. நகருக்கு அண்மையிலுள்ள கோவளம் கடற்கரை இதற்குச் சான்று. சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருகக் குப்பையும் பெருகியது. குப்பையை எரிக்கும் உலை ஒன்று அமைக்கும் யோசனை எழுந்தபோது, தணல் என்னும் தன்னார்வ அமைப்பு மாற்றுவழியை முன்வைத்து, 2000ஆம் ஆண்டையொட்டிக் குப்பையில்லாக் கோவளம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. உணவுக் கழிவு எரிவாயுக் கலனுக்குச் சென்றது. பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகக் காகிதப் பைகளும், தேங்காய்ச் சிரட்டைப் பொருள்களும் செய்ய உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றனர். கடற்கரை அழுக்கடைந்தால் விடுதிகளுக்கு விருந்தினர் இல்லை. எனவே தூய்மை இங்கு தொழிலின் மூலதனமாகும்.

இரண்டாவது, நேரடி ஆதாயம். நன்கு இயங்கும் கலனில் 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 10 கன மீட்டர் எரிவாயு கிடைக்கக்கூடும். இது சுமார் 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். நாள்தோறும் சமைக்கும் உணவு விடுதிக்கு இச்சேமிப்பு அற்பமானதன்று. மாறாக, வாய்க்காலில் எறியப்படும் குப்பை மழைக்காலத்தில் வெள்ளமாகத் திரும்பி வருகிறது. தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதிக் கடைவீதிகளில் நீர் தேங்குவதைத் தடுக்க, 2015ஆம் ஆண்டில் ஆபரேஷன் அனந்தா என்னும் பெயரில் வாய்க்கால்களைத் தூர்வாரவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் வேண்டியதாயிற்று.

மூன்றாவது, சட்டத்தின் வற்புறுத்தல். 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களைப் பெருங்கழிவு உண்டாக்குவோர் எனத் தனியே வகைப்படுத்தி, அவர்களது பொறுப்பைக் கூட்டின. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைக் கேரள அரசு தடை செய்தது. பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளரே அவற்றைத் திரும்பப் பெற்று மறுபயனுக்கு அனுப்பவேண்டும் என்னும் நெறிமுறைகள் 2022ஆம் ஆண்டில் வெளியாயின. பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் 1,000 நிறுவனங்கள் தம் சூழல், சமூகச் செயல்பாடுகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அளிப்பதைச் செபி அமைப்பு 2022-23ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கியது. பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் வழங்கும் சிறு தொழில்களிடமும் இதே கணக்கைக் கேட்கத் தொடங்குவது இயல்பே.

விழாவும் ஒழுங்கும்

மாசி மாதத்தையொட்டி நடைபெறும் ஆற்றுக்கால் பொங்கல் விழாவின்போது, ஸ்ரீவராகம், மணக்காடு உட்பட நகரின் தெருக்களெல்லாம் அடுப்புகளாகின்றன. 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்கள் இதில் பங்கு கொண்டதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. இத்துணைப் பெருங்கூட்டத்திற்கு உணவும் நீரும் வழங்கப் பயன்பட்ட பிளாஸ்டிக் தட்டுகளும் குவளைகளும் முன்னர் மலையாகக் குவிந்தன. 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளில் பின்பற்றப்பட்ட பசுமை நெறிமுறை பின்னர் இவ்விழாவிற்கும் விரிவாக்கப்பட்டது. எவர்சில்வர் தட்டுகளும் குவளைகளும் பயன்படலாயின. அடுப்புக்கு வைக்கப்பட்ட செங்கற்களைத் திரட்டி, ஏழைகளுக்கான வீடுகள் கட்டப் பயன்படுத்தும் ஏற்பாடும் மேற்கொள்ளப்பட்டது. மக்களின் பக்திக்கு இடையூறின்றியே அவர்களது பழக்கத்தை மாற்ற இயலும் என்பதை இது புலப்படுத்துகிறது.

எஞ்சியுள்ள குறைகள்

சாதனைகளைப் போலவே குறைகளையும் நோக்குதல் வேண்டும். கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் வெட்டப்பட்டு, வள்ளக்கடவையும் கடினங்குளம் காயலையும் இணைத்த பார்வதி புத்தனாறு, ஒருகாலத்தில் படகுகள் சென்ற நீர்வழி. பின்னர் அது கழிவு தேங்கும் கால்வாயாகச் சீர்கெட்டது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் 2013ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய போதிலும், பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத வீடுகளின் கழிவுநீர் அதனை அடைவதில்லை. நிலையத்தை நிறுவுவது போலவே, அதனை வீடுகளுடன் இணைப்பதும் இன்றியமையாதது.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். அவரது உடல் இரண்டு நாட்களுக்குப் பின்னரே கண்டெடுக்கப்பட்டது. எவரோ எறிந்த பிளாஸ்டிக்கின் விலையை இறுதியில் ஓர் ஏழைத் தொழிலாளி தன் உயிரால் செலுத்தினார். அதே ஆண்டு டிசம்பரில், கேரளத்தின் மருத்துவக் கழிவுகள் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தது வெளிப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி அவை லாரிகளில் ஏற்றப்பட்டுக் கேரளத்துக்கே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன. விளப்பில்சாலை ஏற்க மறுத்ததை நடுக்கல்லூர் ஏற்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பெரிய ஆலையை மட்டும் நம்பிய முறையின் அபாயத்தைக் கொச்சி நகரும் உணர்த்தியது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீயினால் அந்நகரம் பல நாட்கள் புகையில் மூழ்கியது. எனினும், பரவலாக்கம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கொள்வதும் பிழையாகும். மருத்துவக் கழிவு, மின்னணுக் கழிவு, மறுபயனுக்கு உதவாத பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் கையாள இயலாது. அவற்றிற்கு அறிவியல் முறையிலான பொது நிலையங்கள் தேவை. பராமரிப்புக்கு நிதியும் ஆளும் ஒதுக்கப்படாவிடில் சிறு உரத்தொட்டிகளும் சிறு குப்பைமேடுகளாகிவிடும்.

முடிவுரை

திருவனந்தபுரத்தின் அனுபவத்திலிருந்து பெறப்படும் உண்மைகள் தெளிவானவை. கழிவைப் பிறந்த இடத்திலேயே பிரித்தல், மக்குவதை அருகிலேயே உரமாக்குதல், மக்காததை உற்பத்தியாளரின் பொறுப்பில் மறுபயனுக்கு அனுப்புதல், இப்பணியைச் செய்வோர்க்கு உரிய ஊதியமும் பாதுகாப்பும் அளித்தல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று தவறினும் மற்றவை பயனற்றுப் போகும். மாநகராட்சியின் ஆணையும், வணிகரின் முதலீடும், இல்லத்தாரின் பழக்கமும் ஒருங்கிணைய வேண்டுவது இதனாலேயே.

விளப்பில்சாலையின் பூட்டிய கதவு நகரத்தை ஒரு கணக்கைப் பார்க்கச் செய்தது. தன் வளர்ச்சியின் செலவை அண்டை ஊரின் கிணற்றிலும், தொழிலாளியின் உயிரிலும், வருங்காலத்தின் கணக்கிலும் எழுதும் சமுதாயம் நெடுநாள் வளம் பெற்று வாழ இயலாது. அச்செலவைத் தானே ஏற்று, திட்டமிட்டுக் குறைத்துக்கொள்ளும் சமுதாயத்தின் வளர்ச்சியே நிலைபெறும்.