பாதம் பிடித்துவிடும் தொழிலும் சட்டமும்

நாள் முழுதும் சேற்றில் நின்று வீடு திரும்பிய பெரியவருக்குக் கால் பிடித்துவிடுவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதற்குப் பட்டயமும் வேண்டியதில்லை. பெயர்ப் பலகையும் வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் 'ரிப்ளெக்ஸாலஜி' என்னும் பெயருடன் ஒரு முறை நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. உள்ளங்காலில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இடம் உண்டென்றும், அவ்விடத்தை விரலால் அழுத்தினால் அவ்வுறுப்பு நலம் பெறுமென்றும் இம்முறையினர் கூறுவர். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு 1917-இல் வெளியிட்ட நூலும், அந்நாட்டவரான யூனிஸ் இங்காம் அம்மையார் 1938-இல் வெளியிட்ட நூலும் இம்முறைக்கு அடிப்படையாயின. உடல் அயர்வு நீங்கி மனம் இளைப்பாறுவதற்கு இது துணை செய்யலாம். நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இதுகாறும் கிட்டவில்லை.

இத்தொழிலைச் செய்யச் சட்டப்படி என்ன தகுதி வேண்டும்? சென்ற ஆண்டு வரை நமக்கே இது தெளிவாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஒன்றியத்து மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர், குழுவின் சேமிப்பிலிருந்து ரூ.35,000 கடன் பெற்று, நகரத்தில் மூன்று மாதம் பயின்று, பட்டயத்துடன் வந்தார். 'பாத மருத்துவ நிலையம்' அமைக்க வங்கிக் கடனுக்குப் பரிந்துரை கேட்டார். பட்டயத்தில் முத்திரை இருந்தது. 'அரசுப் பதிவு பெற்றது' என்ற வரியும் எண்ணும் இருந்தன. அதைக் கண்டு நாமும் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டோம். "மருத்துவப் பதிவு எண் எங்கே?" என்று ஒற்றை வரி எழுதி வங்கி மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய பின்னரே, சட்ட நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

புரட்டியதில் முதலிற் கிடைத்தது மத்திய அரசின் 25-11-2003 நாளிட்ட ஆணை. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஒட்டி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, பல்வேறு மாற்று வைத்திய முறைகளை ஆராய்ந்தது. ரெய்கி, காந்த சிகிச்சை, மணிக்கல் சிகிச்சை ஆகியவற்றோடு ரிப்ளெக்ஸாலஜியும் அப்பட்டியலில் இருந்தது. முன்னரே அங்கீகாரம் பெற்றிருந்த ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, யோகா, இயற்கை மருத்துவம் ஆகியவை தவிரப் புதிதாக எதையும் தனி மருத்துவ முறையாக ஏற்குமாறு குழு பரிந்துரைக்கவில்லை. அக்குபங்சரையும் மனவசியச் சிகிச்சையையும் மட்டும், தக்க பயிற்சி உடையோர் கையாளும் சிகிச்சை வகைகளாக அனுமதிக்கலாம் என்றது. பின்னர் 2019-இல் அக்குபங்சர் தனி முறையாக ஏற்கப்பட்டது. ரிப்ளெக்ஸாலஜிக்கு அந்நிலை வாய்க்கவில்லை. பரிந்துரை பெறாத முறைகளில் எந்த நிலையமும் பட்டமோ பட்டயமோ வழங்காதவாறு மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும், 'டாக்டர்' என்னும் சொல்லை அங்கீகாரம் பெற்ற முறையினர் மட்டுமே பயன்படுத்த வேண்டுமென்றும் அவ்வாணை கூறுகிறது.

ஆகவே, உரிமம் வழங்கும் மன்றமே இல்லாத தொழில் இது. அவ்வாறாயின் பட்டயத்திலிருந்த பதிவு எண் எதனுடையது? பயிற்சி நடத்திய சங்கத்தைப் பதிவு செய்த எண் அது. ஊரில் பஜனை மடத்திற்குச் சங்கம் அமைத்தாலும் அதே சட்டத்தின் கீழ் அதே போன்ற எண் கிடைக்கும். உத்யம் பதிவும் அத்தகையதே. சிறுதொழில் நடத்துகிறார் என்பதற்கு அது சான்று, வைத்தியம் செய்யலாம் என்பதற்கன்று. ஊராட்சியின் தொழில்வரி ரசீதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களையும் கண்டிருக்கிறோம்!

பாதத்தை இதமாகப் பிடித்துவிட்டு அதற்குக் கூலி பெறுவதை எச்சட்டமும் தடுக்கவில்லை. தடை எங்கே தொடங்குகிறது என்பதே தெரிந்துகொள்ள வேண்டியது. நோய் இன்னதென்று கூறுவதும், மருந்து எழுதுவதும், ஊசி போடுவதும் மருத்துவம். பதிவு பெறாதவர் நவீன மருத்துவம் செய்தால், 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சர்க்கரை நோய், வாதம், இரத்த அழுத்தம், புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்துப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். கையால் அழுத்துவது மருந்தன்று என்று வாதிடலாம். ஆனால் கூடவே விற்கும் தைலம், காந்தச் செருப்பு முதலியவற்றுக்கு அவ்வாதம் செல்லாது. 'மருத்துவ நிலையம்' என்று பெயர் வைத்தால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு எங்கே என்ற கேள்வி வரும். பலகையில் செஞ்சிலுவை வரைவதற்கும் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் இடந்தராது.

கவலை அளிப்பது வேறொன்று. நம் வட்டாரத்துச் சந்தைக்கு வந்த ஒருவர், சர்க்கரை நோயுள்ள விவசாயி ஒருவரின் உள்ளங்காலை மரக்கோலால் அழுத்திவிட்டார். மரத்துப்போன பாதமாதலால் அவருக்கு வலி தெரியவில்லை. புண் பழுத்து வாடை வந்த பின்னரே வீட்டார் கண்டனர்; ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. காலில் இரத்தம் உறைந்து வீக்கம் உள்ளவருக்குக் கெண்டைக்காலை அழுத்துவதும் ஆபத்தே. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரைப் போக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் நேரின் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அவ்வாறு தவறினால் மட்டுமே அது இரண்டாண்டு வரை எனக் குறைகிறது. மூன்று மாதப் பட்டயம் உடையவருக்கு அச்சலுகை இல்லை. உயிருக்குக் கேடில்லாத தீங்கு நேரினும், கட்டணம் பெற்றுச் செய்த பணியாதலால் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்க வழியுண்டு.

உண்மையில் நோய் தீர்க்கும் பணியில் ஆர்வமுள்ள இளைஞர்க்கு நேர்வழிகள் உள்ளன. யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென அரசுக் கல்லூரியே உள்ளது. இயன்முறை மருத்துவம் 2021-ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இவை நெடிய பாதைகள் என்பதை மறுக்கவில்லை; இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உடனடி வருவாய் தேடும் ஒரு பெண்ணிடம் ஐந்தரை ஆண்டு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் போன்றோர்க்கு, அழகு மற்றும் நல்வாழ்வுத் துறையில் அரசு ஏற்ற திறன் பயிற்சிகள் உள்ளன. அச்சான்று இளைப்பாறுதல் அளிக்கும் பணிக்கு மட்டும் உரியது, வைத்தியத்துக்கன்று.

அந்தச் சகோதரியைத் திரும்ப அழைத்து, முன்பு கையொப்பமிட்டது நம் தவறென்று கூறினோம். "பணம் போச்சுங்களே ஐயா" என்றார் அவர். பயிற்சி நிலையத்துக்கு எழுதியதில் பதிலே வரவில்லை. குழுவினர் கூடிப் பேசித் தவணையை நீட்டித்தனர். பழைய பலகையில் 'டாக்டர்' என்பதும் செஞ்சிலுவையும் அழிக்கப்பட்டன. 'பெண்களுக்குக் கால் பிடித்துவிடப்படும். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், காலில் புண் அல்லது வீக்கம் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டு வரவும்' என்பது இப்போதுள்ள வாசகம். சந்தை நாளன்று ஏழெட்டுப் பேர் வருகின்றனர்.