விறகு ஸ்டவ் வாங்கும் முன் புகைபோக்கியைப் பாருங்கள்

கோட்டக்குப்பத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வீட்டைச் சூடாக்க அடுப்பு மூட்டுவதாக இங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் புதுச்சேரியை ஒட்டிய இந்த ஊரில், பிரான்சில் மகனோ மச்சானோ இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே சனவரி மாதத்தில் பாரிஸின் சராசரி வெப்பமே 5 டிகிரி அளவில்தான். அடுக்குமாடியில் இருக்கும்வரை குளிரைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. பல கட்டடங்களில் பொது ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். புறநகரில் தோட்டத்தோடு தனி வீடு வாங்கியவர்களுக்குத்தான் மின்சார பில்லைப் பார்த்ததும் விறகு ஸ்டவ் ஆசை வருகிறது. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது இந்த ஆசை பிரான்ஸ் முழுக்கப் பரவியது. மரத்தூளை இறுக்கிச் செய்யும் பெல்லட் குச்சிகளின் விலையும் அந்த ஓராண்டில் ஏறக்குறைய இரு மடங்கானது.

விறகு நமக்குப் புதிதல்ல. கல்யாண பிரியாணி இன்றும் சவுக்கு விறகில்தான் இறங்குகிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சவுக்கில் பழகிய கை, ஓக் மரத்தையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது.

சவுக்கு இந்தக் கரையின் மரமே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கும் ஊருக்கும் விறகு வேண்டிச் சோழமண்டலக் கரை நெடுக நட்டார்கள். மரக்காணம் பக்கம் நான்கைந்து ஆண்டில் வெட்டிவிடுகிற இந்த மரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்ளும். எரிந்து தணிந்த பிறகும் கங்கு நெடுநேரம் சூடு விடாது. உலகின் மிகச் சிறந்த விறகுகளில் ஒன்று என்று வனவியலாளர்கள் இதைச் சொல்வது வீண் புகழ்ச்சி அல்ல. பிரான்சில் கிடைக்கும் ஓக், பீச் மரங்களும் கனமானவை, நன்றாக எரிபவை. ஆனால் அவற்றைப் பிளந்து, மழை படாமல், காற்றாட அடுக்கி, ஒன்றரை இரண்டு ஆண்டு காயவைக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஒரு கிலோ விறகில் 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கும். வெட்டிய சூட்டில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும் கட்டையில் அதில் பாதிதான் தேறும். எடையில் பாதி மரமே இல்லை; இருக்கும் வெப்பத்திலும் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிறது. ஈரம் பார்க்கும் கருவி ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். வெளித்தோலில் வைத்தால் கருவி பொய் சொல்லும். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் ஈர விறகு விற்பதையே தடைசெய்துவிட்டார்கள்.

ஈர விறகின் நஷ்டம் வெப்பத்தோடு முடிவதில்லை. அரைகுறையாக எரிந்த புகை, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் தாராகப் படிகிறது. அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தத் தார் ஒருநாள் தானே பற்றிக்கொண்டால், குழாய்க்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அப்போது செய்ய வேண்டியது, ஸ்டவ்வின் காற்றுவழி எல்லாவற்றையும் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, அங்கே தீயணைப்புக்கான 18ஐயோ 112ஐயோ அழைப்பதுதான். தண்ணீர் ஊற்றினால் சூட்டில் குழாய் வெடித்துவிடும்.

இதனால்தான், ஸ்டவ் வாங்கப் போகிறவர் கடைக்குப் போகும் முன் கூரையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். வெப்பத்தைத் தருவது இரும்புப் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டிக்கு மூச்சு தருவது புகைபோக்கி. சூடான புகை மேலே ஏறும்போதுதான் கீழே புதுக் காற்று உள்ளே இழுபடுகிறது. பழைய வீடுகளில் செங்கல் புகைபோக்கி இருக்கும். அழகாக இருக்கிறதே என்று ஸ்டவ்வின் குழாயை நேராக அதில் சொருகிவிடக் கூடாது. விரிசல் வழியே புகை படுக்கையறைக்கு வரும். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டும். பிரெஞ்சு விதிப்படி குழாயின் வாய் கூரை முகட்டைவிட 40 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கூரையில் மோதிப் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். அறைக்குள் தெரியும் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரச் சுவருக்கும் இடையில் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். 15 சென்டிமீட்டர் குழாய் என்றால் 45 சென்டிமீட்டர்.

அடுத்தது அளவு. பெரியதாக வாங்குவதுதான் நம்மவர் வழக்கம். வெப்பம் வெளியேறாமல் நன்றாகக் கட்டிய வீட்டில் 10 சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் போதும். 40 சதுர மீட்டர் ஹாலுக்கு 4, 5 கிலோவாட் ஸ்டவ் சரி. பத்து கிலோவாட் வாங்கி வைத்தால் அறை கொதிக்கும். கொதிக்கிறதே என்று காற்றை அடைப்பார்கள். காற்றை அடைத்தால் புகையும் தாரும். இரவு படுக்கும்போது கட்டையைத் திணித்துக் காற்றைச் சுத்தமாக மூடி, விடியும்வரை கனலவிடுவதும் இதே தப்புதான். தம் போடுவது பிரியாணிக்குத்தான் அழகு.

காற்று வரும் வழியையும் பார்க்க வேண்டும். புது வீடுகளில் சன்னல் கதவுகள் இறுக்கமாக மூடுகின்றன. வெளியிலிருந்து ஸ்டவ்வுக்கு நேராகக் காற்று கொண்டுவரும் தனிக் குழாய் இல்லையென்றால், சமையலறை எக்ஸாஸ்ட் புகைபோக்கியின் வேலையைக் கெடுத்துவிடும். மீன் பொரிக்கும்போது எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வெளியேறிய காற்றை ஈடுகட்ட வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். மிக வசதியான ஓட்டை ஸ்டவ்வின் குழாய். புகையோடு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அதே வாயுதான். பிரான்சில் 2015 மார்ச் முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஆனால் அது இந்த வாயுவை உணராது. இதற்கென்று உள்ள கருவியைத் தனியாக வாங்கி ஸ்டவ் இருக்கும் அறையில் மாட்ட வேண்டும்.

மூட்டும் முறையும் தலைகீழ். நம் அடுப்பில் அடியில் தென்னம்பாளையும் சிராயும் வைத்து மேலே கட்டையைப் போடுவோம். அங்கே பெரிய கட்டை அடியில், சிறியவை நடுவில், சிராய் உச்சியில். தீயை மேலே வைத்தால் கீழிருந்து கிளம்பும் புகை அந்தத் தீயைத் தாண்டியே போக வேண்டியிருப்பதால் அதிலேயே எரிந்துவிடுகிறது. குழாயும் சீக்கிரம் சூடாகிறது. தீ பிடிக்கும்வரை காற்றுவழி முழுக்கத் திறந்திருக்கட்டும். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். அணைந்ததுபோல் தெரியும் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

புகைபோக்கியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1947இல் வார்தாவின் மகன்வாடியில் மகன் சுல்கா என்ற புகையில்லா அடுப்பு உருவானது. ஜே.சி.குமரப்பா நடத்திய கிராமத் தொழில் சங்கத்தின் பட்டறை அது. 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கான அடுப்புகளைக் கட்டி, 2002இல் கைவிட்டது. அடுப்பு கட்டப் பணம் இருந்தது. குழாயில் அடைத்த கரியைத் தட்டிவிட ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. கரி அடைத்ததும் பெண்கள் மறுபடி புகைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள்.

பிரான்சில் சட்டமே அந்த வேலையைச் செய்யச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது தொழில்முறை ஆள் வந்து பிரஷ் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்து சான்று தர வேண்டும். தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தை. ஸ்டவ் பொருத்துவதையும் 'ஆர்.ஜி.இ.' சான்று பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். அரசு உதவித்தொகைக்கு அது நிபந்தனை. அந்தத் தொகையின் அளவு அடிக்கடி மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிரான்சின் காற்றில் கலக்கும் பிஎம் 2.5 நுண்துகளில் 43 சதவீதம் வீட்டு விறகுக் கணப்பிலிருந்து வருகிறது என்று 2021இல் அந்நாட்டு அரசே சொன்னது. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் 10, 15 சதவீதம்தான் அறைக்கு வரும். கதவுள்ள புது ஸ்டவ்வில் 75 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பாவில் 2022 சனவரி முதல் விற்கும் ஸ்டவ்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. அதனால் பழைய ஸ்டவ் சும்மாவே கிடைத்தாலும் வாங்காதீர்கள். நெருக்கமான நகரத்தில், ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், புது ஸ்டவ்வும் நல்ல யோசனை அல்ல. அவர்களுக்கு ஹீட் பம்ப் மேல். ஊர்ப்புறத்தில் தனி வீடு, விறகு காயவைக்க இடம், ஒழுங்கான புகைபோக்கி மூன்றும் உள்ளவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அங்கே ஸ்டவ் மூட்டும் காலம் ஐப்பசியில் தொடங்கிவிடும். பிரான்சுக்குப் பேசும்போது, புரட்டாசிக்குள் புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் ஆளுக்குத் தேதி வாங்கிவிட்டார்களா என்று கேளுங்கள்.