பத்தாம் வகுப்புக்கு எவ்வளவு ஹோம்வொர்க் கொடுக்கலாம்? விதி சொல்வதும் வீட்டில் நடப்பதும்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் ஆகட்டும், நெய்வேலி டவுன்ஷிப் ஆகட்டும், கடலூர் மாவட்டத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரே காட்சிதான். யூனிஃபார்ம்கூட மாத்தாமல் டியூஷனுக்குக் கிளம்பும் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள். வீடு திரும்பி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் பள்ளியில் கொடுத்த ஹோம்வொர்க்கே ஆரம்பம்.

இதற்கு ஒரு லிமிட் இல்லையா என்றால், இருக்கிறது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் ‘பள்ளிப் பை கொள்கை 2020’ புத்தகப்பையின் எடையை மட்டும் பேசவில்லை. இரண்டாம் வகுப்பு வரை ஹோம்வொர்க் கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம். 6 முதல் 8 வரை தினமும் 1 மணி நேரம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அதிகபட்சம் தினமும் 2 மணி நேரம்.

ஹோம்வொர்க்குக்கு கோர்ட்டே தடை போட்டதே?

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் பிறப்பித்த உத்தரவைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தடை ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும். உங்கள் பிள்ளை பத்தாவது என்றால் கையில் இருப்பது 2020 கொள்கைதான். அது வழிகாட்டுதல், சட்டம் இல்லை. மீறினால் அபராதம் என்றெல்லாம் அதில் கிடையாது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம். 2 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் பாடத்துக்கு 24 நிமிடம். கணக்கு சார் ஒரு பயிற்சி முழுவதையும் கொடுத்தால் அன்றைய பங்கு அதிலேயே காலி. ஒவ்வொரு ஆசிரியரும் ‘வெறும் 40 நிமிஷ வேலைதானே’ என்று நினைத்தால்கூட மொத்தம் 3 மணி 20 நிமிடம். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. மற்ற நால்வர் என்ன கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். (தப்பான விடைக்குப் பத்து முறை எழுதும் இம்போசிஷன் தனி. அதில் நான் கற்றது வேகமாக எழுதுவது மட்டும்தான்.)

நிறைய கொடுத்தால் மார்க் ஏறுமா?

15 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட 2012 பீசா ஆய்வில், ஷாங்காய் பிள்ளைகள் வாரத்துக்கு 13.8 மணி நேரம் ஹோம்வொர்க் செய்தார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரி 4.9 மணி. பின்லாந்தில் 3 மணிக்கும் குறைவு. வாரத்துக்குச் சுமார் 4 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் நேரத்தால் பெரிய பலன் இல்லை என்றது ஓஇசிடி. இன்னொன்றையும் சொன்னது, அதுதான் முக்கியம்: வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிக நேரம் ஹோம்வொர்க் செய்கிறார்கள். தனி அறையும் சந்தேகம் கேட்க ஆளும் இருக்கும் வீடும், கரும்பு வெட்டப் போய் அலுத்து வரும் பெற்றோரின் ஒற்றை அறை வீடும் ஒன்றில்லை. நோட்டைத் திருத்தும்போது இந்த வித்தியாசம் தெரியாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

‘ரொம்ப ஜாஸ்தி’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வாரம் டைரியில் பாடவாரியாக ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். டியூஷன் வேலையைத் தனியாகக் குறியுங்கள், அதைப் பள்ளிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தப் பக்கத்தோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள். ‘கணக்கு திங்கள், புதன், அறிவியல் செவ்வாய், வியாழன்’ என்று பாடங்களுக்குக் கிழமை பிரிப்பதை வகுப்பாசிரியரே மற்றவர்களிடம் பேசி முடிக்கலாம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதை வைக்கலாம். அதில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை.