நகர முழுமைத் திட்டமும் நம் நன்செய்யும்

சிறு நகரை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டியது முழுமைத் திட்டம். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் இத்திட்டம், வருங்கால நில உபயோகத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, பொது உபயோகம், வேளாண்மை எனப் பிரிக்கிறது.

பிரிவு மாறுவதால் மட்டும் பட்டா மாறாது. ஆனால், ஏரிப் பாசன நன்செய் குடியிருப்பில் சேர்ந்தால், மேல்மடையில் மனைகள் எழும். வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை வயல் காயும்.

வரைவுத் திட்டம் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கப்படும். ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது 2 மாத அவகாசம் உண்டு. அதற்குள் தங்கள் சர்வே எண் எந்தப் பிரிவில் உள்ளதெனப் பாருங்கள். வாய்க்கால், வண்டிப்பாதை விடுபட்டிருந்தால், புலப்பட நகலுடன் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுக. ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து கொடுப்பது மிகவும் நல்லது.