லாகிரி விட்டபின் வரும் உறக்கம்

ஜவ்வாது மலையின் ஊர்களில், சாராயத்தை நிறுத்தியவனுக்கு என்ன நேரும் என்பதைப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெல்லமும் வெள்வேலம் பட்டையும் போட்டு ஓடைக்கரை மறைவில் ஊறல் வைப்பதும், போலீஸார் மலையேறி வந்து அதைக் கொட்டி அழிப்பதும் நெடுங்காலமாக நடந்துவரும் விஷயம் ஆகையால், குடியை விட்ட மறுநாள் கை நடுங்குவதையும், இரண்டு மூன்று நாட்களில் இல்லாத பூச்சியைச் சுவரில் கண்டு அலறுவதையும், சில வேளை வலிப்புக் கண்டு விழுவதையும் அவர்கள் அறிவார்கள். அந்த அவஸ்தை கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதனாலேயே அது வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய வியாதி என்று ஒப்புக்கொள்ள மனம் இடங்கொடுக்கிறது.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இளைஞர்கள் 'ஐஸ்' என்று சொல்லும் மெத்தாம்பெட்டமின் என்னும் லாகிரி வஸ்துவை விட்டவனுடைய நிலை வேறு. வெளியூரில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய ஒரு வாலிபனை எண்ணிப் பாருங்கள். வந்த அன்றே திண்ணையில் சுருண்டு படுத்தவன், பொழுது சாய்ந்தும் எழுந்திருப்பதில்லை. உலுக்கி எழுப்பினால் இரண்டு ஆள் சோற்றை வாய் பேசாமல் உண்டு, கழுவிய கையின் ஈரம் காயுமுன் மறுபடியும் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்கிறான். "ஏண்டா, ராவும் பகலும் இப்படியேவா கெடப்ப? மாட்ட அவுத்துக் கட்ட ஆளில்ல" என்று தகப்பன் சத்தம் போடுகிறார், தாய் செய்வினையோ என்று அஞ்சிப் பூசாரியிடம் கயிறு மந்திரித்து வருகிறாள். இருவரும் பிள்ளைமீது வைத்த பிரியத்தில் குறைந்தவர்களல்லர். ஆனால் அந்த உறக்கத்தைச் சோம்பலென்றும் சூனியமென்றும் எண்ணும் வரையில், உதவி தேட வேண்டிய நாட்கள் வீணே கழிந்துவிடுகின்றன என்பதைத்தான் இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புகிறேன்.

இந்த வஸ்து மலையெங்கும் பரவிவிட்டது என்று பீதி கிளப்புவது என் நோக்கமன்று. ஆனால், சாமை அறுப்பு முடிந்ததும் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கித் திருப்பூருக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் போகும் மலைவாழ் வாலிபர்கள், அதனை விற்பவர்கள் நடமாடும் உலகத்துக்குள்தான் போகிறார்கள். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியன்மார் நாட்டுப் படகு ஒன்றிலிருந்து 5,500 கிலோவுக்கும் அதிகமான மெத்தாம்பெட்டமினை இந்தியக் கடலோரக் காவல் படை கைப்பற்றிய செய்தி, இந்தச் சரக்கு எவ்வளவு அருகில் பயணம் செய்கிறது என்பதைக் காட்டியது. உழைப்பவனின் அயர்வுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தமும் பழையது. 1893-இல் ஜப்பானிய ரசாயன நிபுணர் நாகாய் நாகயோஷி முதன்முதலில் உருவாக்கிய இப்பொருள், 1938 முதல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களைக் கண் மூடாமல் நடக்கவைக்கப் பயன்பட்டது. பிற்காலத்தில் தாய்லாந்தில் இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்களிடம் 'யாபா' என்ற மாத்திரையாகப் புகுந்தது. இரட்டை ஷிப்டு பார்க்கும் கூலிக்காரனுக்கு இது போதையென்று அறிமுகமாவதைவிட, தூக்கத்தை வெல்லும் மருந்தென்று அறிமுகமாவது எளிது.

மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம் உண்டு. நாம் பசித்து உண்ணும்போதும், பிள்ளையைக் கொஞ்சும்போதும், எடுத்த காரியத்தை முடிக்கும்போதும் அது சிறிது சுரந்து உத்ஸாகம் தருகிறது. மெத்தாம்பெட்டமின் அதைச் சேமித்துவைத்த இடத்திலிருந்து ஒரேயடியாக வெளியேற்றி, திரும்ப உள்ளே போகவும் விடாமல் தடுக்கிறது. வருஷம் முழுவதற்கும் குதிரில் கொட்டிவைத்த சாமையை ஒரே இரவின் விருந்தில் அள்ளி இறைத்துவிட்ட வீடு மறுநாள் எப்படியிருக்குமோ, வஸ்துவை நிறுத்தியவனின் மனம் அப்படியிருக்கிறது. முதல் சில நாட்கள் தீராத உறக்கமும் அகோரப் பசியும்; ஒரு வாரம் பத்து நாள் வரையில் கடும் சோர்வு, எரிச்சல், துர்ஸ்வப்பனம்; அதன் பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், எதிலும் ருசியின்மையும் அந்தப் பொருளின்மீது திடீர் திடீரென்று எழும் தாகமும் நீடிக்கின்றன. குடியை நிறுத்தும்போது சரீரத்துக்கு வரும் பிராணாபத்து இதில் பொதுவாக இல்லை. ஆபத்து மனத்தில் இருக்கிறது: "இனி எதற்கு உயிரோடிருப்பது" என்ற எண்ணம் அந்நாட்களில் தலைதூக்கக்கூடும். பேசாமல் கிடக்கும் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போவதும், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டில் வைத்திருப்பதும் கூடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வைத்தியர் என்ன செய்வார்? மனநலப் பிரிவில் முதலில் நடப்பது பேச்சு. கடைசியாக எப்போது எடுத்தாய், புகையாகவா ஊசியாகவா, கூடக் குடித்தாயா, காதில் யாராவது பேசுவதுபோல் கேட்கிறதா, எவரேனும் துரத்துவதாகத் தோன்றுகிறதா, சாக வேண்டுமென்ற நினைப்பு வந்ததா என்று நிதானமாகக் கேட்பார்கள். ரத்த அழுத்தமும் நாடியும் பார்ப்பார்கள். ஊசி போட்டவனாயின் மஞ்சட்காமாலைக் கிருமிக்கும் எச்.ஐ.வி.க்கும் சோதிப்பார்கள். மெத்தாம்பெட்டமினை முறிக்கும் பிரத்தியேக மருந்து இன்றளவும் இல்லை. 2021-இல் அமெரிக்காவில் நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில் பலன் கண்டவர் நூற்றுக்குச் சுமார் 14 பேர். வெறும் போலி மருந்து பெற்றவர்களில் 3 பேருக்கும் குறைவு. ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி உறக்கம், உணவு, மனச்சோர்வுக்கோ பிரமைக்கோ தேவைப்பட்டால் மாத்திரை, அதன்பின் வாரந்தோறும் ஆலோசகருடன் உட்கார்ந்து எந்த இடம், எந்தச் சகவாசம், எந்தச் சம்பள நாள் தன்னை வழுக்கச் செய்கிறது என்று கண்டறிந்து மாற்றுவழி பழகுவது. சிறுநீர்ச் சோதனையில் சுத்தம் என்று தெரிந்த ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பரிசு கொடுக்கும் முறைதான் ஆராய்ச்சிகளில் நன்றாகப் பலித்திருக்கிறது என்பது கேட்பதற்கு விசித்திரமாயிருக்கலாம். சந்தோஷப்பட மறந்த மூளைக்கு அதை மறுபடியும் கற்பிக்கும் காரியம் என்று நினைத்தால் விசித்திரம் நீங்கிவிடும். ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமைனைக் கையாளும் பகுதி பெருமளவு தேறியதை 2001-இலேயே படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மலையடிவாரத்துக்கு அருகே வேலூர் பாகாயத்தில், கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியைப் பூட்டிவைத்துவிட்டு உறவினரை அனுப்பிவிடாமல், குடும்பத்தார் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை நம் தேசத்தில் முன்னதாகக் கைக்கொண்ட ஸ்தாபனங்களுள் அதுவும் ஒன்று. தாயோ தமையனோ துணையின்றிக் கீழே இறங்கத் தயங்கும் மலை ஜனங்களுக்கு இதைவிட ஏற்ற முறை வேறில்லை என்பது என் அபிப்பிராயம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் செலவின்றிப் பார்க்கலாம். சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்திய அனுபவம் உடையது. வீட்டிலிருந்தே கேட்க 14446 என்ற போதை மீட்பு எண்ணும், 14416 என்ற மனநல ஆலோசனை எண்ணும் உண்டு. சங்கிலியால் கட்டுவோம், அடித்துத் திருத்துவோம் என்று முன்பணம் கேட்கும், பதிவு பெறாத விடுதிகளின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. வைத்தியர் நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கவேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் விதிக்கிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவோ, சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவு வைத்திருந்து வழக்கில் சிக்கியவன்கூடத் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக ஏற்றுக்கொண்டால் குற்ற வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழி செய்திருக்கிறது.

எஞ்சி நிற்பது தூரம். சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகவேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக வளைந்திறங்கும் பஸ்ஸில் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். உள்ளடங்கிய குக்கிராமத்தானுக்கு அந்தப் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதே ஒரு பிரயாணம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் சர்க்கார், ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாளாவது லாகிரிப் பழக்கத்துக்கென ஓர் ஆலோசகரை உட்காரவைத்து, சந்தைக்கு வருகிறவன் அப்படியே அவரையும் பார்த்துவிட்டுப் போகும்படி செய்யவேண்டும்.