மௌஸ் பிடிக்கும் கைக்குள் என்ன நடக்கிறது?

ப்ராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துத்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். அதை எந்த மேஜையில் வைப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. சேலத்தில் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது சாப்பாட்டு மேஜையில்தான் வைத்தோம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே மேஜையில் இரவு வெகுநேரம் புரோகிராம் எழுதினேன். சில மாதங்களில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் நடு இரவில் விழிக்க ஆரம்பித்தேன். கையை உதறினால் சரியாகிவிடும் என்பதால் பெரிதாக நினைக்கவில்லை.

கொலுசுப் பட்டறையில் பல வருடம் வேலை செய்த என் மாமாதான், "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது கண்ணு. கண்டுக்காம விட்டுட்டேன். இப்ப சட்டைப் பொத்தான் போடறதே பெரும்பாடா இருக்குது" என்றார். மறுநாளே டாக்டரிடம் போனேன். அங்கே தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை

வலது கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மௌஸை க்ளிக் செய்வதுபோல் வலது விரல்களை அசையுங்கள். உள்ளே தசை அசைவது தெரிகிறதா? விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் இருப்பது முன்கையில். அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகின்றன. சைக்கிள் பிரேக் மாதிரிதான். நாம் அழுத்துவது ஹேண்டில்பாரில், பிடிப்பது சக்கரத்தில், நடுவே கேபிள். கேபிள் மடங்கினால் உராயும்.

அடுத்து உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. சுண்டுவிரல் பக்கம் உள்ள அல்னா அதிகம் நகராது. கட்டைவிரல் பக்கம் உள்ள ரேடியஸ்தான் அதன்மேல் குறுக்காகத் திரும்புகிறது. சாதாரண மௌஸைப் பிடிக்கும்போது கை மணிக்கணக்கில் இப்படித் திரும்பியே இருக்கிறது.

நெருக்கமான பாதை

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக உள்ளன. உள்ளங்கைப் பக்கம் இவை வாய்க்கால்போல் வளைந்திருக்க, மேலே ஒரு உறுதியான நார்ப்பட்டை மூடியிருக்கிறது. இதுதான் கார்ப்பல் டனல். இதற்குள் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இந்த நரம்புதான். சுண்டுவிரல் மரத்தால் அது அல்னார் நரம்பின் பிரச்னை. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள்.

பழியை முழுக்க கம்ப்யூட்டர் மீது போட முடியாது. அழுத்திப் பிடித்துச் செய்யும் வேலை, அதிரும் கருவிகள், நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவையும் காரணமாகலாம். சேலத்தில் கொலுசு செய்த கையும், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டிய கையும் மாலையில் வீட்டுக்கு வந்து மௌஸைப் பிடிக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

என்ன செய்யலாம்?

* கீபோர்டும் மௌஸும் முழங்கை உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். மேஜை உயரமென்றால் நாற்காலியை உயர்த்தி, காலுக்குப் பலகை போடுங்கள்.
* கீபோர்டின் பின்னால் உள்ள குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்.
* மௌஸை மெதுவாகப் பிடியுங்கள். மணிக்கட்டை ஊன்றி ஆட்டாமல், முழங்கையிலிருந்து நகர்த்துங்கள்.
* செட்டிங்ஸில் மௌஸ் பாயின்டரின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் கை நகரும் தூரம் குறையும்.
* அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையைத் தொங்கவிடுங்கள்.

மரத்துப்போவது சில வாரங்கள் நீடித்தாலோ, பொருட்கள் கைதவறி விழுந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். நான் ஆரம்பத்திலேயே போனதால், இரவில் கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டையும் உயரம் குறைந்த மேஜையுமே போதுமானதாக இருந்தது. மாமாவுக்கு ஆபரேஷன் செய்தும் பழைய பலம் முழுதாகத் திரும்பவில்லை. ராம் போதவில்லையென்றால் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கையை அப்படி மாற்ற முடியாதே!